அந்த அரை விநாடி

ஒரு லாகின். அதுவும் தோற்றுப்போகிற லாகின். இல்லாத ஒரு பெயரைக் கொடுத்தால், ‘நீ யாரென்று தெரியாது, போய் வா’ என்று கம்ப்யூட்டர் விரட்டிவிட வேண்டும். அப்படி விரட்ட அதற்கு முன்பெல்லாம் 0.299 விநாடி ஆனது. இப்போது 0.807 விநாடி. நீங்களும் நானும் ஆயுசு முழுக்க உட்கார்ந்து பார்த்தாலும் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்ணில் பட்டது.

2024 மார்ச் கடைசி வாரம். ஃபிராய்ண்டுக்கு மைக்ரோசாஃப்டில் வேலை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்குகிறவர்களில் ஒருவர். பாதுகாப்பு நிபுணர் அல்ல, அதை அவரே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்துகொண்டிருந்தது, போஸ்ட்கிரெஸ் எத்தனை வேகத்தில் ஓடுகிறது என்று நுணுக்கமாக அளக்கும் வேலை. பொற்கொல்லர் தராசு மாதிரி. பக்கத்தில் யாரும் மூச்சுகூட விடக் கூடாது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இணையத்தில் இருக்கும் எந்தச் சர்வரின் வாசலையும் யாராவது தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். வாய்க்கு வந்த பெயர், வாய்க்கு வந்த பாஸ்வேர்டு. அந்த வாசலுக்கு எஸ்.எஸ்.எச். என்று பெயர். எங்கேயோ இருக்கும் லினக்ஸ் சர்வருக்குள், எங்கேயோ இருந்துகொண்டு நிர்வாகிகள் நுழைவது இதன் வழியாகத்தான். தவறான பெயரோடு வருகிறவனைத் திருப்பி அனுப்ப இந்தக் காவல்காரன் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. ஃபிராய்ண்டின் கம்ப்யூட்டரில் அவன் ஏன் இப்படி வியர்க்கிறான்?

கருவி வைத்துப் பார்த்தார். நேரம் கரைவது எஸ்.எஸ்.எச்.சில் இல்லை. எல்.இசட்.எம்.ஏ. என்ற நிரல் நூலகத்தில். கோப்புகளைச் சுருக்குவதும் விரிப்பதும் அதன் தொழில். லாகினுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதற்குள்ளும் எந்த இடத்தில் நேரம் போகிறது என்று கருவியால் பெயர் சொல்ல முடியவில்லை. சில வாரங்களுக்கு முன், பேக்கேஜ்களை அப்டேட் செய்த கையோடு, வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி விநோதமாக ஏதோ புகார் சொன்னது அவர் நினைவுக்கு வந்தது. அன்று அதை விட்டுவிட்டார். இன்று விடவில்லை.

இன்னொரு விசித்திரம். டெர்மினலில் இருந்து சாதாரணமாக ஓட்டிப் பார்த்தால் அந்தத் தாமதம் இல்லை. சர்வர் தானாகக் கிளம்பும்போது எப்படிக் கிளம்புமோ, அதே சூழ்நிலையை உருவாக்கி ஓட்டினால்தான் இருக்கிறது. யாராவது ஆராய்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஆராய்ந்தால் தூங்குவதுபோல் நடிக்கிற நிரல். பிழை அப்படி நடிக்காது. இது யாரோ எழுதி வைத்தது.

பந்தியில் உட்கார்ந்தவர் யார்?

எக்ஸ்.இசட். யூட்டில்ஸ். இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அந்த எல்.இசட்.எம்.ஏ. நூலகம் இதன் ஓர் அங்கம். லினக்ஸ் உலகத்தில் இது எல்லா வீட்டிலும் இருக்கும் உப்பு ஜாடி. யாரும் பெருமையாக எடுத்துக் காட்ட மாட்டார்கள், ஆனால் இல்லாத சமையலறை கிடையாது. லினக்ஸ் என்றால் ஏதோ கம்ப்யூட்டர் பைத்தியங்களின் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் அதில்தான் ஓடுகின்றன. நீங்கள் பார்க்கும் இணையதளங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது அதுதான். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்று இருந்ததே, சி-டாக் உருவாக்கிய அது டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஃபிராய்ண்டின் கம்ப்யூட்டரில் இருந்ததும் டெபியன்தான், அதன் இன்னும் நிலைப்படாத வடிவம்.

எஸ்.எஸ்.எச்.சை எழுதியவர்களுக்கு இந்தச் சுருக்க நூலகம் தேவையே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் தங்கள் நிர்வாக வசதிக்காக எஸ்.எஸ்.எச்.சை சிஸ்டம்-டி என்ற மென்பொருளோடு இணைத்தன. சிஸ்டம்-டி தன்னோடு எல்.இசட்.எம்.ஏ.வைக் கூட்டி வந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை மகனுடைய நண்பர் என்று ஒருவர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருப்பார் அல்லவா, அப்படி. மண்டபத்து வாசலில் அவரை யாரும் நிறுத்துவதில்லை.

அந்த நண்பரின் மடியில் இருந்தது ஒரு கள்ளச் சாவி. லாகின் செய்ய வருகிறவர் காட்டும் டிஜிட்டல் சான்றைச் சரிபார்க்கும் வேலையை, அது நடுவில் புகுந்து தன் கைக்கு எடுத்துக்கொண்டது. சான்றுக்குள் ஒரு குறிப்பிட்ட ரகசியக் கையெழுத்து இருந்தால், கூடவே வரும் கட்டளையை உச்ச அதிகாரத்தோடு நிறைவேற்றிவிடும். பாஸ்வேர்டு வேண்டாம். லாகின் முடியக்கூட வேண்டாம். அந்தக் கையெழுத்தைப் போடும் சாவி, வைத்தவரிடம் மட்டுமே இருக்கிறது. ஆகவே வேறு திருடன் இந்தக் கதவைப் பயன்படுத்த முடியாது. வெளியில் இருந்து தட்டிப் பார்த்து, ‘இங்கே கள்ளக்கதவு இருக்கிறது’ என்று காவல்காரனும் கண்டுபிடிக்க முடியாது. ஆபத்தின் அளவை 10க்கு மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. இதற்குக் கிடைத்தது 10.

காதோடு சொல்வதா, ஊரைக் கூட்டுவதா?

ஃபிராய்ண்ட் முதலில் டெபியன்காரர்களின் பேக்கேஜில்தான் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தார். தோண்டினால், டெபியன் குற்றமற்றது. விஷம் ஊற்றிலேயே இருந்தது. எக்ஸ்.இசட்.டின் அதிகாரபூர்வ வெளியீடான 5.6.0லும், அதற்கடுத்த 5.6.1லும். முதலாவது பிப்ரவரி 24 அன்று வந்தது. இரண்டாவது மார்ச் 9 அன்று. அதாவது, உலகம் ஒரு மாதமாக இதை இறக்குமதி செய்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஓட்டை என்றால், அதை எழுதியவருக்கு ரகசியமாகச் சொல்லி, அவர் அடைத்த பிறகு ஊருக்கு அறிவிப்பது மரபு. இங்கே எழுதியவரே சந்தேகத்துக்குரியவர். அவருக்குச் சொன்னால், திருடனுக்கே தந்தி அடித்த கதை. சொல்லாமல் இருந்தால் நாளுக்கு நாள் இன்னும் பல கம்ப்யூட்டர்களில் அது ஏறும். ஃபிராய்ண்ட் நடுவழி ஒன்றைப் பிடித்தார். மார்ச் 28, வியாழக்கிழமை, டெபியனின் பாதுகாப்புக் குழுவுக்கும் மற்ற லினக்ஸ் வெளியீட்டாளர்களின் பாதுகாப்புப் பொறுப்பாளர்களுக்கும் தனியாகச் சொன்னார். மறுநாள், புனித வெள்ளியன்று, தான் பார்த்த அத்தனையையும் பொதுவில் எழுதிவிட்டார். அளவுகள், கோப்புப் பெயர்கள், தனக்குப் புரிந்தது, புரியாதது எல்லாம். அந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு ஆச்சரியக்குறி கிடையாது. தான் பாதுகாப்பு ஆராய்ச்சியாளன் அல்ல என்ற தயக்கம்தான் தெரிகிறது. நமது டிவி விவாதங்களுக்கு இப்படி ஒரு ஆளைக் கூப்பிட்டால் அரைமணி நேரம் ஓட்ட முடியாது.

அதன் பிறகு நடந்தது ஒரு நீண்ட வார இறுதி. ஈஸ்டர் விடுமுறையில் பாதி உலகம் ஊருக்குப் போயிருந்த நேரம். ரெட் ஹேட் நிறுவனம் ஃபெடோராவின் சோதனைப் பதிப்பை வைத்திருப்பவர்கள் உடனே பயன்பாட்டை நிறுத்த வேண்டும் என்று ஆங்கிலக் கேபிடல் எழுத்துகளில் கத்தியது. (தமிழில் கேபிடல் எழுத்து இல்லை. கத்த வேண்டுமென்றால் நாம் உண்மையிலேயே கத்தத்தான் வேண்டும்.) அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு, பழைய 5.4.6க்குத் திரும்பிப் போகச் சொன்னது. கிட்ஹப் தளம் எக்ஸ்.இசட்.டின் நிரல் கிடங்கையே இழுத்து மூடியது. எதிரிக்கு அடைத்த கதவு ஆராய்கிறவர்களுக்கும் அடைந்தது. எந்த வரி எப்போது சேர்ந்தது என்று பார்க்க விரும்பிய நல்லவர்கள் வேறு பிரதிகளைத் தேடி ஓடினார்கள். தீயணைப்பு வண்டியே தெருவை அடைத்துக்கொண்டு நிற்பது போலத்தான்.

பின்லாந்தில் ஒரு மனிதர்

இந்தக் கள்ளக்கதவை வைத்த கணக்கின் பெயர் ஜியா டான். யார், ஆணா பெண்ணா, ஒருவரா ஒரு கூட்டமா, எதுவும் தெரியாது. பதிவுகளில் இருக்கும் நேரக்குறிப்பு சீனப் பக்கத்து நேரத்தைக் காட்டுகிறது. சில இடங்களில் மட்டும் சறுக்கி, கிழக்கு ஐரோப்பிய நேரத்தைக் காட்டுகிறது. இதை வைத்து ஒரு நாட்டைக் கைகாட்டியவர்கள் உண்டு. நான் அந்த விளையாட்டுக்கு வரவில்லை. எனக்கு ஜியா டானைவிட முக்கியமானவர் லாசே கோலின்.

கோலின் பின்லாந்துக்காரர். எக்ஸ்.இசட்.டையும் அதற்கு முந்தைய வடிவத்தையும் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர். சம்பளம் கிடையாது. பொழுதுபோக்காகச் செய்யும் வேலை. ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு, உலகத்தின் சர்வர்கள் எல்லாம் நம்பியிருக்கும் ஒரு மென்பொருளைத் திறந்து பிழை பார்க்கிற வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள்.

2021 அக்டோபரில் ஜியா டான் முதல் திருத்தத்தை அனுப்பினார். மிகச் சாதாரணமானது, நிரலை எப்படி வரிசைப்படுத்துவது என்பது பற்றியது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாம் உபயோகமானவை. 2022 ஏப்ரலில் இருந்து வேறு சில குரல்கள் கிளம்பின. ஜிகர் குமார் என்று ஒருவர், டென்னிஸ் என்ஸ் என்று ஒருவர். ‘ஏன் இவ்வளவு தாமதம், ஆர்வம் போய்விட்டது என்றால் வேறு ஆளிடம் கொடுங்கள்’ என்கிற ரீதியில் கோலினை நச்சரித்தார்கள். இவர்களுக்கு இந்தச் சண்டைக்கு முன்னும் பின்னும் இணையத்தில் வாழ்க்கையே இல்லை. போலிக் கணக்குகள் என்றே ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

2022 ஜூனில் கோலின் பதில் எழுதினார். ஆர்வம் போகவில்லை. நீண்ட நாள் மனநலச் சிக்கல்களால் முன்போலச் செய்ய முடியவில்லை. இது சம்பளமில்லாத வேலை என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஜியா டான் உதவியாக இருக்கிறார், இனி அவருக்குப் பெரிய பொறுப்பு வரக்கூடும். இதுதான் சாரம். ஒரு மனிதர் தன் களைப்பைப் பொதுவில் ஒப்புக்கொள்கிறார். அதைப் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு ஆள், அதற்காகத்தான் காத்திருந்தார்.

2023இல் ஜியா டானே புதிய பதிப்புகளை வெளியிடத் தொடங்கினார். ஓப்பன் சோர்ஸ் நிரல்களைத் தானாகவே குடைந்து பிழை தேடும் கூகுளின் திட்டம் ஒன்று உண்டு. எக்ஸ்.இசட். சார்பில் அதற்கான தொடர்பு முகவரி ஜியா டானுடையதாக மாறியது. அந்த ஆண்டு ஜூலையில், பின்னால் கள்ளக்கதவுக்குப் பயன்படப்போகும் ஒரு வசதியை அந்தச் சோதனையின்போது மட்டும் அணைத்து வைக்கும்படி ஒரு மாற்றம். காரணம் நியாயமாகவே எழுதப்பட்டிருந்தது. எல்லாக் காரணங்களும் நியாயமாகவே எழுதப்பட்டிருந்தன. இரண்டரை வருஷம் நல்ல பிள்ளையாக இருந்து, சாவிக்கொத்து இடுப்புக்கு வந்த பிறகு காட்டிய வேலைதான் அந்தக் கள்ளக்கதவு.

‘திறந்து கிடக்கும் நிரல்தானே, ஆயிரம் பேர் படிப்பார்களே’ என்று ஓப்பன் சோர்ஸ் ஆதரவாளர்கள் சொல்வது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆயிரம் பேர் சாப்பிடுகிற பந்தியில் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை என்பதே உண்மை. இருந்த ஒரே ஒருவர் களைத்துப்போயிருந்தார்.

ஒரு புள்ளி

விஷம் எப்படி மறைக்கப்பட்டது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சுருக்க மென்பொருள் என்றால் அதற்குச் சோதனைக் கோப்புகள் தேவை. சரியான கோப்பு, உடைந்த கோப்பு, பாதியில் அறுந்த கோப்பு. உடைந்ததைக் கொடுத்தால் மென்பொருள் தடுமாறாமல் ‘இது கெட்டுப்போனது’ என்று சொல்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த அடுக்கில் இரண்டு புதிய கோப்புகள் சேர்ந்தன. ஒன்றின் பெயரிலேயே ‘கெட்டது’ என்று இருந்தது. கெட்டது என்று எழுதி ஒட்டிய டப்பாவை யார் திறந்து பார்ப்பார்கள்? உள்ளே எழுத்துகளை ஒரு கணக்குப்படி இடம் மாற்றினால் அது கெட்ட கோப்பு அல்ல, கள்ளக்கதவின் பாகம்.

அந்த இடம் மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் வரிகள், எல்லோரும் பார்க்கும் நிரல் கிடங்கில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்காகத் தனியாகக் கட்டிய பொட்டலத்தில் மட்டும் இருந்தன. மெஸ் வாசலில் சமையல் குறிப்பை எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் பார்சல் கட்டுகிற இடத்தில் ஒரு பொடி கூடுதலாகத் தூவப்படுகிறது. டெபியனோ ஃபெடோராவோ எடுத்தது பார்சலைத்தான். அதிலும் டெபியன், ஃபெடோரா பாணிப் பேக்கேஜாகக் கட்டும்போது மட்டுமே பொடி தன் வேலையைக் காட்டும். வேறு யாராவது வீட்டில் உட்கார்ந்து தனக்காகக் கட்டினால், ஒன்றும் நடக்காது.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறொன்று. விடுமுறையில் இருந்த கோலின் விஷயம் தெரிந்து, தன் நிரலை வரி வரியாகத் தடவிப் பார்க்கத் தொடங்கினார். அவரது கிட்ஹப் கணக்கையும் சேர்த்து முடக்கியிருந்தார்கள். ஆனாலும் சொந்தத் தளத்தில் வேலை நடந்தது. மார்ச் 30 அன்று அவர் ஒரு புள்ளியை அழித்தார்.

ஒரே ஒரு முற்றுப்புள்ளி. லினக்ஸில் லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி உண்டு. ஒரு நிரல் தனக்குச் சம்பந்தமில்லாத கோப்புகளைத் தொட முடியாமல் வேலி போடும். அந்த வசதி இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று அறிய, கட்டுமானத்தின்போது ஒரு சிறிய சோதனை நிரலைத் தொகுத்துப் பார்ப்பார்கள். அது பிழையின்றித் தொகுக்கப்பட்டால் வசதி இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. அந்தச் சோதனை நிரலின் நடுவில், ஒரு வரியின் தொடக்கத்தில், யாரும் கவனிக்காதபடி ஒரு புள்ளி. அதனால் சோதனை எந்தக் கம்ப்யூட்டரிலும் தோற்கும். அந்தச் சோதனையை நம்பிக் கட்டிய பிரதியில் வேலி போடப்படாது. எச்சரிக்கை எதுவும் வராது. புள்ளி வைத்தால் ‘க’ என்பது ‘க்’ ஆகிவிடும், உயிர் போய்விடும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்த நமக்குக்கூட இது தோன்றியிருக்காது.

பின்னோக்கி ஓர் அப்டேட்

விஷம் வைத்த பேக்கேஜை என்ன செய்வது? நீக்கிவிட்டுப் பழையதைப் போடுவது என்று சொல்லிவிடலாம். லினக்ஸ் அப்டேட்டுகளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு, எண் கூடினால்தான் ஏறும். 5.6.1 இருக்கிற கம்ப்யூட்டரில் 5.4.5ஐக் கொடுத்தால் ‘இது பழசு’ என்று ஒதுக்கிவிடும். டெபியன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புதிய பேக்கேஜுக்கு வைத்த பதிப்பு எண்ணிலேயே, 5.6.1 என்று எழுதி, பக்கத்தில் கூட்டல் குறி போட்டு, ‘ரியலி 5.4.5’ என்று சேர்த்துவிட்டார்கள். பார்வைக்கு 5.6.1, உள்ளபடிக்கு 5.4.5. இது டெபியனின் பழைய வழக்கம்தான். ஆனாலும் அந்த வாரத்தில் அந்த ‘ரியலி’யைப் படித்தவர்களுக்குச் சிரிப்பும் வந்திருக்கும், வயிற்றில் ஏதோ செய்தும் இருக்கும்.

உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் இன்னும் கடுமையான வழியில் போனது. ஏப்ரலில் வரவேண்டிய 24.04 பதிப்பின் முன்னோட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்து, 5.6.0 உள்ளே வந்த பிறகு கட்டிய அத்தனை பேக்கேஜ்களையும் தூக்கி எறிந்து, சுத்தமான இடத்தில் மறுபடி கட்டியது. அவையெல்லாம் கெட்டுவிட்டன என்பதற்கு ஆதாரம் இல்லை. கட்டிய பட்டறையில் விஷம் இருந்தது, அவ்வளவுதான். பால் திரிந்த பாத்திரத்தைத் தேய்க்காமல் அடுத்த பாலைக் காய்ச்சாதே என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதும் இதைத்தான். இது வீண் செலவு என்று அப்போது முணுமுணுத்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஓப்பன்சூசே தன் டம்பிள்வீட் பதிப்பில் எஸ்.எஸ்.எச். வாசலை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்களிடம் நேராகவே சொன்னது: கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். யாராவது நுழைந்தார்களா என்று எங்களால் சொல்ல முடியாது. இந்த வகை நேர்மை அபூர்வம். நமக்குப் பழக்கமான அறிக்கைகள் ‘வாடிக்கையாளர்களின் தகவல்கள் பாதுகாப்பாக உள்ளன’ என்றுதானே தொடங்கும்.

சிறு அறிவுரை ஒன்று அந்த நாட்களில் சுற்றியது, அதிலும் ஒரு பாடம் இருந்தது. உங்கள் கம்ப்யூட்டரில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று அறிய எக்ஸ்.இசட்.டையே ஓட்டிப் பதிப்பு எண் கேளுங்கள் என்று சிலர் சொன்னார்கள். உடனே மற்றவர்கள் தடுத்தார்கள். சந்தேகப்படுகிற நிரலையே ஓட்டி, நீ நல்லவனா என்று அதனிடமே கேட்பதா? பேக்கேஜ் நிர்வாகியிடம் கேளுங்கள், அதனிடம் பதிவேடு இருக்கிறது.

கடைசிக் கணக்கு இது. ரெட் ஹேட்டின் வணிகப் பதிப்புக்கு ஆபத்தில்லை. டெபியனின் நிலையான பதிப்புக்கு ஆபத்தில்லை. மாட்டியவை எல்லாம் சோதனைப் பதிப்புகளும், புதியதை அன்றன்றே இழுத்துக்கொள்ளும் பதிப்புகளும். காளி லினக்ஸில் அது மார்ச் 26 முதல் 29 வரை நான்கு நாட்கள் இருந்தது. ஃபெடோராவில் இந்தப் பேக்கேஜைக் கவனிப்பவரிடம் ஜியா டான், ‘அருமையான புதிய வசதிகள் இருக்கின்றன, சேர்த்துவிடுங்கள்’ என்று வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். வால்கிரைண்ட் புகாரைச் சரிசெய்யச் சேர்ந்தே உழைத்தார்கள். ஃபிராய்ண்ட் எழுதுவதற்கு முந்தைய நாட்களில் டெபியனிடமும் உபுண்டுவிடமும் 5.6.1க்கு மாறச் சொல்லி வேண்டுகோள்கள் போயிருந்தன. இன்னும் சில வாரங்கள் கடந்திருந்தால் அது உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பில் உட்கார்ந்திருக்கும். யாரும் இந்தக் கதவைப் பயன்படுத்தி நுழைந்ததாக இதுவரை வெளிவந்த தகவல்களில் இல்லை.

தப்பித்தது யார் என்று பாருங்கள். மெதுவாகப் போனவர்கள். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே ஓட்டை வந்தபோது ‘உடனே அப்டேட் செய், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே’ என்று கற்றோம். 2024 மார்ச்சில் அப்டேட் செய்யாத சோம்பேறிகள் நிம்மதியாகத் தூங்கினார்கள். இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் சிரமம். ஓட்டை அடைக்க வரும் அப்டேட்டை உடனே போடு. புது வசதியோடு வரும் அப்டேட்டைச் சில நாள் திண்ணையில் உட்கார வைத்துப் பார். எது எது என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் அந்த ஆள் இல்லை.

யாருடைய வீட்டுத் தண்ணீர்?

இது பின்லாந்து, சான் பிரான்சிஸ்கோ சமாசாரம் என்று ஒதுக்க முடியாது. எக்ஸ்.இசட். விவகாரம் வெடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களைக் கவனிக்கும் ஓப்பன்ஜேஎஸ் அமைப்பு தனக்கும் இதேபோலச் சந்தேகத்துக்குரிய மின்னஞ்சல்கள் வந்ததாக எச்சரித்தது. அவசரத் திருத்தம் தேவை, எங்களைப் பராமரிப்பாளராக்குங்கள் என்று. 2025 செப்டம்பர் 8 அன்று வேறு வழி. என்.பி.எம். என்ற ஜாவாஸ்கிரிப்ட் கிடங்கில் பேக்கேஜ்கள் வைத்திருந்த ஒருவருக்கு, உங்கள் இரட்டைப் பாதுகாப்பைப் புதுப்பியுங்கள் என்று அசலைப் போலவே ஒரு மெயில். நம்பினார். வாரத்துக்கு 200 கோடி முறைக்கும் மேல் இறக்கப்படும் 18 பேக்கேஜ்களில் கிரிப்டோ திருட்டு நிரல் ஏறியது. சில மணி நேரத்தில் கண்டுபிடித்து இறக்கினார்கள். அதே மாதம் ஒரு பேக்கேஜில் இருந்து இன்னொன்றுக்குத் தானே பரவும் புழு ஒன்றும் வந்தது.

இந்தியாவில் சைபர் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. 2024 அக்டோபரில், ஒரு மென்பொருளுக்குள் என்னென்ன பேக்கேஜ்கள் இருக்கின்றன என்ற பொருட்பட்டியலை எப்படித் தயாரிப்பது என்று வழிகாட்டியும் வெளியிட்டார்கள். மசாலா பாக்கெட்டின் பின்பக்கம் இருக்குமே, அந்தப் பட்டியல். நல்ல காரியம். ஆனால் 2024 மார்ச் 29 இரவு அந்தப் பட்டியல் கையில் இருந்திருந்தால் ‘எங்களிடம் 5.6.1 இருக்கிறதா’ என்ற கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். ‘அதை யார் பார்த்துக்கொள்கிறார், அவர் எப்படி இருக்கிறார்’ என்ற கேள்விக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

2014இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பாதிப் பூட்டுகளைச் செய்துகொடுத்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வருகிறது என்று தெரிந்து உலகம் வெட்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் பணம் போட்டன. பத்து ஆண்டு கழித்து எக்ஸ்.இசட். பக்கத்துக்கு அந்த வெட்கம் வந்து சேரவில்லை. நம் ஊர் ஐ.டி. நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் எழுதப்படும் எத்தனையோ மென்பொருள்களின் அடியில் இப்படிப்பட்ட இலவசச் செங்கற்கள்தான் இருக்கின்றன. அவற்றைச் சுட்டவருக்கு ஒரு சம்பளத்தையோ, வாரத்தில் ஒரு நாள் தங்கள் பொறியாளரின் நேரத்தையோ கொடுக்கலாம். சண்டைக்கு வரும் பெயர் தெரியாத குரல்களுக்கு எதிராகப் பராமரிப்பாளர் பக்கம் நின்று ‘அவர் மெதுவாகச் செய்யட்டும்’ என்று ஒரு வரி எழுதலாம். 2022 ஜூனில் அந்த வரியை எழுத யாரும் இல்லை.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும், உங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். நாம் பயன்படுத்தும் பேக்கேஜ்களில் ஒரே ஒரு மனிதரை நம்பி நிற்பவை எவை? பட்டியல் வர நாளாகும். கேட்டுவிடுங்கள்.

கோலின் தன் நிரலை முழுவதும் சரிபார்த்துமுடிக்க இரண்டு மாதம் ஆனது. கிட்ஹப் அவர் கணக்கைத் திருப்பிக் கொடுத்தது. 2024 மே 29 அன்று 5.6.2 வெளிவந்தது. அதன் மாற்றப் பட்டியலின் முதல் வரி, கள்ளக்கதவு அகற்றப்பட்டது என்பது. அதன் பிறகு வருபவை வழக்கமான பராமரிப்புக் குறிப்புகள்.